முழங்கால் தேய்ந்தவர்கள் தேவை

வாலிபால் டீமில் ஆறு பேர் விளையாடுவார்கள்; ஏழாவதாக ஒருவர் திட்டு வாங்குவார், அவருக்கு மேனேஜர் என்று பெயர்.

நாயுடுபுரத்தில் பன்னிரண்டு வருஷமாக அந்த ஏழாவது ஆள் நான்தான். பிழைப்புக்குச் செய்வது கீசர் ரிப்பேர். கொடைக்கானலில் காட்டேஜ் இருக்கும் வரை கீசர் இருக்கும், கீசர் இருக்கும் வரை அது கெட்டுப்போகும், ஆகவே சாப்பாட்டுக்குக் குறைவில்லை. நிம்மதிதான் இல்லை. கல்யாண வீட்டில் பந்தி விசாரித்தவர்கள், குடியிருப்போர் சங்கத்தில் செயலாளராக இருந்தவர்கள், சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுலா போனவர்கள், நீங்களெல்லாம் என் கட்சி. நல்லபடியாக நடந்தால் அது தானாக நடந்தது. கெட்டுப்போனால் நாம் கெடுத்தது.

எனக்கு ஒரு பலவீனம் உண்டு. வயதான ஆட்டக்காரர்கள், அடிபட்ட ஆட்டக்காரர்கள் என்றால் என்னால் விட முடியாது. எங்காவது ஒருவர் நொண்டிக்கொண்டு போவதைப் பார்த்தால், "அண்ணே, முந்தி நீங்க வாலிபால் ஆடுனீங்களோ?" என்று கேட்டுவிடுவேன். இது தொழிலில் ஒட்டிக்கொண்ட புத்தி. புது கீசர் எப்போது எந்த இடத்தில் வெடிக்கும் என்று கடவுளுக்கும் தெரியாது. பழையதில் எங்கே ஒழுகும் என்று எனக்கு அத்துப்படி, அதற்கு நேராக ஒரு வாளியை வைத்தால் சோலி முடிந்தது. மனிதர்களுக்கும் அப்படி ஒரு வாளி வைத்துவிடலாம் என்று நம்பினேன்.

எங்கள் டீமுக்கு ஒரு பச்சை நிற டிரங்குப் பெட்டி இருக்கிறது. நெட், பந்து, பம்பு எல்லாம் அதற்குள். அதன் சாவி யாரிடம் இருக்கிறதோ அவர்தான் மேனேஜர். அந்தச் சாவியை இந்த வருஷம் நான் ஏறக்குறையத் தொலைத்துவிட்டேன், அதுவும் என் சொந்த அக்கா மகனிடம். அந்தக் கதைதான் இது.

பழனி பீமன்

மூன்று வருஷத்துக்கு முன் பழனி அடிவாரத்தில் ஒரு பஞ்சாமிர்தக் கடையில் அவரைப் பார்த்தேன். வயது நாற்பத்து மூன்று. ஒரு கையில் நாலு பெரிய டின்னைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினார். அந்தக் காலத்தில் அவர் அடித்தால் பந்து வெடிக்கும் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். எனக்கு அது போதும். மறு ஞாயிறே மேட்ச், வந்துவிடுங்கள் என்று கையைப் பிடித்துச் சொல்லிவிட்டு வந்தேன்.

சொன்ன சொல் தவறாமல் வெள்ளனே எழுந்து, ஆறு இட்லி சாப்பிட்டுவிட்டு, மலைப் பஸ் ஏறியிருக்கிறார். அந்த ஆறும் எந்தெந்தக் கொண்டை ஊசி வளைவில் இறங்கிக்கொண்டன என்று அவரே பிறகு விவரமாகச் சொன்னார். மைதானத்துக்கு வந்தபோது முகம் வெளுத்திருந்தது. ஆனாலும் மனுஷன் ஒரு தடவை குதித்து அடித்தார், பாருங்கள், எதிர் டீமில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவ்வளவுதான் அன்றைக்கு. அதற்குப் பிறகு இரண்டு முழங்கால்களையும் பிடித்துக்கொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

மலை உயரம் சமவெளிக்காரர்களின் நெஞ்சை இறுக்கும் என்பது எனக்குத் தெரியாததல்ல. எத்தனை டூரிஸ்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். மைதானத்து ஓரமெல்லாம் மரம் முறியக் காற்று வீசிக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்துப் பரிதாபமாகச் சொன்னார்: "காத்து நல்லாத்தான் அடிக்குது தம்பி, உள்ளதான் போக மாட்டேங்குது."

வீட்டம்மாவின் சர்டிபிகேட்

பீமனால் தோற்ற பிறகு புத்தி வந்தது. இனி ஆளைச் சோதித்துத்தான் எடுப்பது என்று முடிவு செய்தேன். சோதனைக்கு எனக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறேன். ஆளை உயரம் குறைந்த முக்காலியில் உட்கார வைத்து டீ கொடுப்பது. குடித்து முடித்து எழுந்திருக்கும்போது கையை எதிலாவது ஊன்றினால் முழங்கால் போச்சு. "அம்மாடி" என்றால் இடுப்பு போச்சு. டீயே வேண்டாம் என்றால் எல்லாம் போச்சு.

தாண்டிக்குடியில் காப்பி எஸ்டேட் ஜீப் ஓட்டும் தங்கவேலைப் பார்க்கப் போனபோது அவர் முக்காலியிலிருந்து ரப்பர் பந்து மாதிரி எழுந்தார். வயது நாற்பதுதான். நடை, ஓட்டம், பார்வை எல்லாம் சுத்தம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தோளைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஜெர்சி அளவு கேட்டேன், நம்பர் ஏழு வேண்டும் என்றார். வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போதுதான் அவர் வீட்டம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தார்.

அவர் சத்தம் போடவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்: "பரண் மேல இருக்க டப்பாவ எடுக்கச் சொன்னா தோளு தூக்க முடியலன்னு மூணு வருசமா சொல்றாருங்க. உங்களுக்கு எந்தக் கைய வச்சு வெளையாடப் போறாரு?"

கண்டக்டர் கொண்டுவந்த சட்டம்

மேல்மலையில் ஒரு கிராமத்தில் வருஷா வருஷம் பூண்டு எடுத்து முடிந்ததும் வாலிபால் போட்டி வைப்பார்கள். மலையில் சமதரை எங்கே இருக்கிறது? ஒரு பூண்டுத் தோட்டத்துப் படிக்கட்டு வயலை மிதித்துக் கெட்டிப்படுத்தி அதில்தான் மைதானம். ஒரு பக்கம் மேல் வயலின் கல்கட்டு. மறுபக்கம் கோட்டுக்குப் பின்னால் நாலே அடி, அதற்கப்புறம் பள்ளம். பந்து அதில் விழுந்தால் உண்ணிச் செடியையும் அட்டைக்கடியையும் தாண்டி இறங்கித்தான் எடுக்க வேண்டும். மாற்றுப் பந்து போட்டால் காற்று கூடுதல், குறைச்சல் என்று சண்டை வரும், அதனால் அதே பந்து மேலே வந்தால்தான் ஆட்டம் தொடரும்.

போன வருஷம் நான் வத்தலக்குண்டிலிருந்து ஒரு பஸ் கண்டக்டரைக் கொண்டுவந்தேன். இருபது வருஷம் மலைப் பஸ்ஸில் நின்றுகொண்டே டிக்கெட் கிழித்தவர், பாலன்ஸ் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டேன். பாலன்ஸ் அருமையாகத்தான் இருந்தது. இடுப்புதான் ஐந்து நிமிஷத்துக்கு மேல் தாங்கவில்லை. ஆனால் மனுஷன் அனுபவசாலி, தனக்கு எது வேண்டும் என்று தெரிந்தவர். ஒவ்வொரு பாயிண்ட்டும் முடிந்து சர்வீஸுக்காகப் பந்தை எதிர்ப்பக்கம் கொடுக்கும்போது, அவர் கையிலிருந்து அது எப்படியோ நழுவிப் பள்ளத்தில் உருண்டுவிடும். உள்ளூர்ப் பிள்ளைகள் இறங்கி எடுத்துவரப் பத்து நிமிஷம். அதுவரை கண்டக்டர் கல்கட்டில் உட்கார்ந்து இடுப்பைப் பிடித்துவிட்டுக்கொள்வார். முதல் தடவை எல்லோரும் "ச்சொ" என்றார்கள். இரண்டாம் தடவை சிரித்தார்கள். நாலாம் தடவை எங்கள் பையன்களும் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்து வேர்க்கடலை தின்ன ஆரம்பித்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் தின்றேன்.

ஐந்தாம் தடவை நடுவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். அவர் அந்த ஊர்ப் பூண்டு விவசாயி, அதிகம் பேசாதவர். இரண்டு டீமையும் கூப்பிட்டு நிறுத்தி அங்கேயே ஒரு சட்டம் போட்டார். அந்தச் சட்டத்தில் நாங்கள் அந்த மேட்சைத் தோற்றோம், ஏனென்றால் கண்டக்டர் பள்ளத்தில் இறங்கியவர் சாயங்காலம்தான் ஏறினார். இன்றைக்கும் அந்த ஊரில் அதுதான் சட்டம். நடுவர் சொன்ன வார்த்தை இதுதான்: "இனிமே பந்து பள்ளத்துக்குப் போனா, கடைசியா யாரு தொட்டாகளோ அவுகதேன் எறங்கணும், வயசெல்லாம் பாக்க மாட்டோம்."

சாவி

செல்வத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அக்கா மகன், வயது இருபத்து நாலு, எங்கள் கேப்டன். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறான். அவன் குதித்தால் நெட்டுக்கு மேலே இடுப்பு தெரியும் என்று ஊரில் சொல்வார்கள், அது கொஞ்சம் அதிகம், ஆனால் ரொம்ப அதிகமில்லை. அவனுக்குப் பந்து பிடிக்கச் சொல்லிக்கொடுத்தது நான். அவன் என் மேல் உயிராகவும் இருந்தான், மூன்று வருஷமாக என்னால் தோற்றுக்கொண்டும் இருந்தான்.

போட்டிக்கு ஒரு மாதம் இருக்கும்போது டீம் கூடியது. வழக்கமாகப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் பையன் கோயம்புத்தூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான். நான் வாயைத் திறப்பதற்குள் செல்வம் எழுந்து, இந்தத் தடவை முப்பது வயதுக்கு மேலே யாரையும் எடுக்கக்கூடாது என்றான். பையன்கள் எல்லோரும் கையைத் தூக்கினார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒருவர், என் இஷ்டத்துக்கு, அவரை வைத்து ஜெயிக்காவிட்டால் இந்தச் சாவி உனக்கு என்று கொத்திலிருந்து கழற்றி மேஜை மேல் வைத்தேன். ஜெயித்தால் வயசுப் பேச்சை இந்த டீமில் அப்புறம் யாரும் எடுக்கக்கூடாது. செல்வம் சாவியை ரொம்ப நேரம் பார்த்துவிட்டுச் சரி என்றான். அவன் உடனே சரி சொல்லியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு எனக்குப் பயம்தான். பன்னிரண்டு வருஷம் இடுப்பில் கிடந்த சாவி. அது போனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் என்ன செய்வேன்? வீட்டுக்குப் போகும் வழியில் அக்கா வாசலில் நின்றிருந்தாள், அவளுக்கு விஷயம் எனக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "ஏலே பாண்டி, ஒனக்குப் பழசு புடிக்கும்னா ஓங்கடையில அடுக்கி வச்சுக்க, அத எம்மவன் முதுகுல ஏத்தாத."

மூன்று ஏலாது

அடுத்த வாரம் ஒரு கேரட் கழுவும் இடத்துக்கு மோட்டார் பழுது பார்க்கப் போனேன். அங்கே மேஸ்திரி ராசையா அண்ணன், ஐம்பத்திரண்டு வயது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவர் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது குடும்பத்தோடு இங்கே வந்து குடியேறியவர். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேரட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். நல்லது முன்னால் இருக்கிற கூடைக்கு. உடைந்ததும் அழுகினதும் தோளுக்கு மேலாகப் பின்னால். அங்கே பத்தடி தள்ளி ஒரு கூடை. அவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. நான் மோட்டாரை மறந்துவிட்டு எண்ணிக்கொண்டு நின்றேன். ஒன்றுகூடக் கூடைக்கு வெளியே விழவில்லை.

முந்தி வாலிபால் ஆடினீர்களா என்று கேட்டேன். ஆடியிருக்கிறார், பந்து தூக்கிக் கொடுக்கிறவராக, இரண்டு முழங்காலும் தேயும் வரைக்கும். எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. முக்காலிச் சோதனைக்கே வேலை இல்லை, ஸ்டூலிலிருந்து எழ அவருக்கு இரண்டு ஆள் வேண்டியிருந்தது. நான் சாவி விஷயம் உட்பட எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒரு கேரட்டைத் துடைத்துக் கடித்தபடி முழுக்கக் கேட்டார். மைதானம் எது என்று விசாரித்தார். சட்டம் என்ன என்று விசாரித்தார், அதை மட்டும் இரண்டு தடவை சொல்லச் சொன்னார். பிறகு தன் நிபந்தனையைச் சொன்னார்: "குதிக்க ஏலாது, குனிய ஏலாது, பள்ளத்துல எறங்கவே ஏலாது, அது விளங்குச்சுன்னா மத்தபடி நான் ரெடி."

வழி சொல்கிறவர்

முதல் நாள் பயிற்சிக்கு ராசையா அண்ணன் வந்த கோலத்தைப் பார்த்துப் பையன்கள் திரும்பி நின்று சிரித்தார்கள். தலையில் மப்ளர், இரண்டு முழங்காலிலும் இரண்டிரண்டு பட்டை, அதற்கு மேலே வேட்டித் துணிக் கட்டு. தைல வாசம் மைதானத்தைத் தாண்டி வீசியது. கையில் மடக்கு நாற்காலி ஒன்று கொண்டுவந்திருந்தார். செல்வம் என்னைப் பார்த்தான். நான் மேகத்தைப் பார்த்தேன்.

அவன் முதல் ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. பந்து கொடுத்தால் அடிப்பான், அவ்வளவுதான். ஆனால் அவன் வீம்பு அங்கேதான் கெட்டது. மற்ற பையன்கள் தூக்கிக் கொடுத்தால் செல்வம் பந்தைத் தேடிப் போய் அடிக்க வேண்டும். இவர் கொடுத்தால் அவன் கண்ணை மூடிக்கொண்டு குதித்தாலும் உள்ளங்கைக்கு நேராகப் பந்து வந்து நின்றது. அவர் நின்ற இடத்தை விட்டு இரண்டடி நகரவில்லை. நகர முடியாது என்பதால், பந்தை எல்லோரும் அவரிடம் சரியாகக் கொண்டுவந்து கொடுக்கப் பழகினார்கள். மூன்று வருஷம் நான் கத்திக் கத்திச் சொன்ன விஷயம் இது. அவருடைய முழங்கால் ஒரு வார்த்தை பேசாமல் சாதித்துவிட்டது. ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் செல்வம் அவருடைய நாற்காலியை மடக்கித் தூக்கிக்கொண்டு நடந்தான். நான் அதைப் பார்க்காத மாதிரி நெட்டை அவிழ்த்தேன், அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது.

போட்டியில் அரையிறுதி வரைக்கும் ஜெயித்தோம். எதிராளிகள் அவரைக் குறிவைத்துக் காலடியில் போட்டார்கள், அதெல்லாம் போனது போனதுதான், அவர் அதைக் குனிந்து பார்க்கக்கூட இல்லை. போன பாயிண்ட்டை எல்லாம் செல்வம் வட்டியோடு திருப்பினான். கல்கட்டில் உட்கார்ந்திருந்த உள்ளூர்க்காரர் ஒருவர், எங்களுக்கு எதிராகக் கத்த வந்தவர், பக்கத்திலிருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "அந்த அண்ணன் எங்கடா வெளையாடுறாரு, பந்துக்கு வழி சொல்லிவிடுறாரு."

கை இறங்கிய கதை

இறுதி ஆட்டம் உள்ளூர் டீமோடு. பூண்டு மூட்டை சுமக்கிற பையன்கள், அவர்களுக்கு மூச்சு வாங்குவதே கிடையாது. ஆளுக்கு ஒரு செட் ஜெயித்து மூன்றாம் செட்டுக்கு வந்தோம். பதினைந்து பாயிண்ட். மதியமே மேகம் இறங்கிவிட்டது, எதிர்க் கோட்டில் நிற்கிறவன் முகம் தெரியவில்லை. எங்களுக்குப் பள்ளத்துப் பக்கம் விழுந்திருந்தது. பதினாலு, பதிமூன்று. நாங்கள்தான் முன்னால். இன்னும் ஒன்று எடுத்தால் கோப்பை, அதைவிட முக்கியம் என் சாவி.

அந்த நேரம் பார்த்துச் சுற்று மாறி ராசையா அண்ணன் பின்வரிசைக்குப் போய்விட்டார். வாலிபாலில் ஒவ்வொருவரும் எல்லா இடத்திலும் நின்றுதான் ஆக வேண்டும், அதில் தள்ளுபடி கிடையாது. பள்ளத்தைப் பார்த்த மூலையில் அவர் கம்பம் மாதிரி நின்றார். எதிர் டீமில் இருப்பதிலேயே உயரமானவன் குதித்து, நேராக அந்த மூலைக்கே அடித்தான். பந்து அவருடைய தலைக்குச் சற்று மேலே வருகிறது. கையைத் தூக்கினால் எட்டும். அவரும் தூக்கினார். செல்வம் "அண்ணே, எடுங்க" என்றான். நான் என்ன கத்தினேன் என்று நினைவில்லை.

தூக்கிய கையை மனுஷன் இறக்கிவிட்டார். இறக்கி, மப்ளரைச் சரிசெய்துகொண்டார். பந்து அவர் காதோரம் போய், ஈரத் தரையில் ஒரு குழி போட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கியது. நடுவர் நடந்துவந்து குனிந்து பார்த்தார். குழி கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளி இருந்தது. பாயிண்ட் எங்களுக்கு. அடித்த பையன்தான் கடைசியாகத் தொட்டவன், ஆகவே நாங்கள் கோப்பையைத் தூக்கிக் குதித்துக்கொண்டிருந்தபோது அவன் பாவம் உண்ணிச் செடிக்குள் இறங்கிக்கொண்டிருந்தான்.

நான் மைக்கைப் பிடுங்கி அனுபவத்தின் அருமை பற்றிப் பேசினேன். இளரத்தம் என்றால் தாவித் தொட்டிருக்கும், தொட்டிருந்தால் பாயிண்ட் போயிருக்கும், கோடு எங்கே இருக்கிறது என்று முதுகாலேயே பார்க்கிற கண் வயசானவர்களுக்குத்தான் உண்டு என்றேன். கைதட்டல். செல்வமும் தட்டினான். எல்லாம் அடங்கியதும் நாற்காலியில் உட்கார்ந்து தைலம் தேய்த்துக்கொண்டிருந்த அண்ணனிடம் போய், இந்த மேகத்தில் பந்து வெளியே போகும் என்று எப்படிக் கணித்தீர்கள் என்று தணிந்த குரலில் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "உள்ளயா வெளியயான்னு எனக்கு எங்க தெரியும் மேனேஜரு, தொட்டா நானில்ல எறங்கணும்?"

இருபத்து நாலு வயதில் ஒரு முதியவர்

இதை நான் இன்றுவரைக்கும் யாரிடமும் சொல்லவில்லை. செல்வத்திடம் சொல்லியிருக்க வேண்டும் என்று மனசு அரித்தது, சொல்லத்தான் அன்று அவனைத் தேடினேன். ஆனால் அவன் அதற்குள் ஜெயித்த சந்தோஷத்தில் மேல் வயல் கல்கட்டிலிருந்து குதித்துக் கணுக்காலைத் திருப்பிக்கொண்டான். ஆடின அத்தனை மேட்சிலும் ஒரு கீறல் படாதவன். ஐம்பத்திரண்டு வயதுக்காரர் நடந்து வேனில் ஏறினார். அவனை நாலு பேர் தூக்கி ஏற்றினோம். மடக்கு நாற்காலியை ராசையா அண்ணன் அவனுக்கே கொடுத்துவிட்டார்.

சவ்வு கிழிந்துவிட்டது, கால் பழையபடி ஆகுமா என்பது போகப்போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நேற்று பார்க்கப் போனேன். அக்கா காப்பியை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். செல்வம் காலை நீட்டிக்கொண்டு அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தான், என்னைப் பார்க்கவில்லை, என் இடுப்பில் தொங்கிய சாவியைப் பார்த்தான். கேட்கப்போகிறானோ என்று நினைத்தேன். கேட்டால் கொடுத்துவிடுவது என்றுகூட முடிவு செய்துவிட்டேன், அவனை அப்படிப் பார்க்க எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டான்: "மாமா, கால் சரியாகலன்னாலும் அடுத்த வருசம் என்னைய எடுப்பீங்கள்ல?"

நான் பக்கத்திலிருந்த குட்டை முக்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளி, காப்பியை இதில் உட்கார்ந்து குடிடா பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன். ஆகவே வயதானவர்களையும் அடிபட்டவர்களையும் டீமில் எடுக்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு என் பதில், தாராளமாக எடுங்கள், மைதானத்துக்குப் பக்கத்தில் பள்ளம் ஒன்று இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான்.